பல்லாவரம் முதல் தாம்பரம் வரை

பல்லாவரத்தில் மின்சார இரயிலில் ஏறினால், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் என்னும் இரண்டு நிலையங்களைத் தாண்டியவுடன் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய நான்கு மைல். கையிலுள்ள பத்திரிகையில் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் வண்டி நின்றுவிடும். இந்த நான்கு மைலை ஏழு மைலாக்கிக்கொண்டு, மேற்கே திருநீர்மலையைச் சுற்றி நடந்து போகும் வழியைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பத்து நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு அரை நாளைச் செலவிடச் சொல்கிறானே என்று மாணவ நண்பர்கள் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் நகைத்தவன்தான். அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்லுகிறேன்.

1968-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் எங்கள் பூகோள ஆசிரியர் மாணவர் அறுவரை அழைத்துக்கொண்டு பல்லாவரத்தில் வந்து இறங்கினார். நாங்கள் அப்போது பள்ளியிறுதி வகுப்பில் இருந்தோம். ஆளுக்கொரு தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு. ஆசிரியர் கையில் மட்டும் ஒரு பழைய நிலப்படம். அது இந்திய நில அளவைத் துறையார் வெளியிட்டது. நிலத்தில் ஒரு மைலைத் தாளில் ஓர் அங்குலமாகக் காட்டுவது. புறப்படும் முன் அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். வழியில் யாரும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசக் கூடாது. பாதையில் பாலமோ மதகோ ஓடையோ குறுக்கிட்டால் உடனே நின்று, “இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது?” என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டுத்தான் அப்பால் நகர வேண்டும். முதல் நிபந்தனையை நாங்கள் ஒரு மணி நேரத்திலேயே மீறிவிட்டோம். இரண்டாவதை மீற அவர் விடவில்லை.

வழியின் தொடக்கமே இந்திய வரலாற்றின் தொடக்கம் என்றால் மிகையாகாது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்துப் படைவீரர் அணிவகுப்பு மைதானத்துக்கு அருகே நடந்துகொண்டிருந்தார். சரளை மண்ணுக்காகத் தோண்டிய ஒரு சிறு குழியிலிருந்து வெளியே எறிந்திருந்த கற்குவியலில் ஒரு கல் அவர் கண்ணைக் கவர்ந்தது. அது தானாக உடைந்த கல்லாகத் தோன்றவில்லை. யாரோ பக்கம் பக்கமாகச் சில்லுகளைத் தட்டியெடுத்துக் கூராக்கியிருந்தார்கள். இந்திய மண்ணில் பழைய கற்கால மனிதனின் கருவி என்று அறிந்து எடுக்கப்பட்ட முதற் கல் அதுவே.

இதில் தற்செயல் எவ்வளவு, பயிற்சி எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1859-இல், பிரான்சு நாட்டின் சொம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் உண்மையிலேயே மிகப் பழங்காலத்தவை என்பதை ஆங்கிலேய அறிஞர்கள் நேரிற் சென்று பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். அச்செய்தி பூட்டின் மனத்தில் இருந்தது. அந்தக் குழியைக் கடந்து எத்தனையோ சிப்பாய்களும் கூலியாட்களும் நடந்திருப்பார்கள். எதைத் தேடுவது என்று அறிந்த ஒருவர் கீழே பார்த்துக்கொண்டு நடந்த அன்றைக்குத்தான் அந்தக் கல் பேசிற்று. அவர் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற தோழருடன் கொற்றலையாற்றங்கரையிலுள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போய் மேலும் பல கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்தின் பழமையை அண்மைக் காலத்து அறிஞர்கள் அளந்து, அங்கே சுமார் பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனித இனத்தார் கருவி செய்தார்கள் என்று 2011-இல் அறிவித்தனர். பூட் சேகரித்த பொருள்களை எழும்பூர் அரும்பொருட்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

பல்லாவரத்துக் குன்றில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் ஒன்று உண்டு. காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இவையின்றிக் கோயில் செய்தவன் என்று பெருமை பேசிய அரசன் அவன். தன் விருதுப் பெயர்களை இந்தக் குகையிலும் வெட்டிவைத்திருக்கிறான். இப்போது அது இஸ்லாமிய அன்பர்கள் தொழும் தர்காவாக இருக்கிறது. பல்லவர் காலத்துத் தூண்கள் வண்ணம் பூசப்பெற்று அந்த வழிபாட்டுக்கும் தோள் கொடுத்து நிற்கின்றன. இதே வட்டாரத்தில் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப் பேழைகளைக் கண்டெடுத்தார். கற்கோடரி, ஈமப் பேழை, பல்லவக் குகை, தர்கா ஆகிய நான்கும் ஒரு காலைப் பொழுதில் நடந்து பார்க்கும் எல்லைக்குள் அமைந்த ஊர்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை.

குன்றைப் பற்றியும் ஒரு சொல். பறங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை, வண்டலூர் என்று இந்தப் பக்கத்தில் எழுந்து நிற்கும் மலைகள் எல்லாம் சார்னோகைட் என்னும் கரும்பாறையால் ஆனவை. பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்த கல் எந்த இனத்தது என்று தாமஸ் ஹாலந்து என்பவர் ஆராய்ந்தார். அந்தக் கல் சென்னைப் பக்கத்துப் பாறை என்று தெரியவந்தது. 1893-இல் அப்பாறைக்கு அந்தச் சவக்குழிக்காரரின் பெயரையே சூட்டிவிட்டார். இன்று உலகத்தில் எந்த நாட்டில் இவ்வகைப் பாறை கிடைத்தாலும் அதற்கு அப்பெயர்தான். நம் ஊர்ப் பாறைக்கு நம் ஊர்ப் பெயர் அமையாமற் போயிற்றே என்று எங்கள் ஆசிரியர் வருந்தினார். ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள் ஆன அந்தப் பாறை அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கல்லுடைப்போர் உளியும் வெடிமருந்தும் கொண்டு அதை நகரத்தின் வீடுகளாகவும் சாலைகளாகவும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று பல குன்றுகளின் பக்கத்தில் ஆழமான குட்டைகளாகத் தேங்கி நிற்பவை அவர்கள் விட்டுச் சென்ற பள்ளங்கள்.

பல்லாவரத்தை விட்டு மேற்கே திரும்பித் திருநீர்மலைச் சாலையைப் பிடித்தோம். இங்கே ஊர்ப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். நாகல்கேணி என்ற பெயரில் கேணி இருக்கிறது. கடப்பேரி என்பதில் ஏரி இருக்கிறது. வடக்கே பழவந்தாங்கலில் தாங்கல். தாங்கல் என்பது சிறு ஏரி. அனகாபுத்தூரும் பம்மலும் அடையாற்றின் பக்கத்து ஊர்கள். குரோம்பேட்டை ஒன்றுதான் இந்தக் கூட்டத்தில் புதுப் பெயர். குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக்கொண்டு தோல் பதனிடும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏற்பட்டது. அதனால் வந்த பெயர் அது. ஒரு வேதியியற் சொல் தமிழ்ப் பேட்டையோடு ஒட்டிக்கொண்ட விந்தை! அந்தத் தொழில் ஆயிரக்கணக்கானவருக்குச் சோறு போட்டது. அதே தொழில் நாகல்கேணிப் பக்கத்து நிலத்தடி நீரை உப்பாகவும் கசப்பாகவும் ஆக்கிற்று என்பதையும் மறைக்கக் கூடாது. கழிவு நீரைத் தூய்மைப்படுத்தும் பொது நிலையம் 1990-களில்தான் அமைந்தது. கேணியைப் பெயரில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர், குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்ற காட்சியை நானே கண்டிருக்கிறேன்.

நாங்கள் நடந்த அந்த நாளில் நாகல்கேணியைத் தாண்டியதும் வயல்கள் தொடங்கின. தை மாதம் அல்லவா? சில வயல்களில் அறுவடை முடிந்து, சிலவற்றில் கதிர் சாய்ந்திருந்தது. சாலையை விட்டு ஏரிக்கரை மேல் ஏறினோம். ஒருபுறம் விளிம்பு வரை நீர். மறுபுறம் எங்கள் காலுக்கு ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே பச்சை. நகரத்துப் பிள்ளைகளாகிய நாங்கள், நீர் மேலேயும் நிலம் கீழேயும் இருக்கும் அந்த அமைப்பை அன்றுதான் கண்ணால் கண்டோம். கரையில் மண்வெட்டியோடு ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் அந்த ஏரியின் நீர்க்கட்டி. அதாவது எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று முறை பார்த்துத் திறந்துவிடுகிறவர்.

“வாத்தியார் ஐயா, பிள்ளைகளை மதகுப் பக்கம் இறங்கவிடாதீங்க, சுழி இழுக்கும்” என்றார் அவர். பிறகு எங்கள் ஆசிரியர் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஏரியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் சொன்னதை என் சொற்களில் சொல்லுகிறேன். ஏரி என்பது ஆழத் தோண்டிய குளம் அன்று. சரிவான நிலத்தில், நீர் ஓடிவரும் பாதைக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண் கரையை எழுப்பினால் அந்தக் கரைக்கு மேற்புறம் நீர் தேங்குகிறது. அதுதான் ஏரி. கரையின் அடியில் மதகு. அதன் வழியாகத் தேவையான நீர் வயலுக்குப் போகிறது. கரையின் ஓர் ஓரத்தில், கரையைவிடச் சற்றுத் தாழ்வாகக் கல்லால் கட்டிய பகுதிக்குக் கலங்கல் என்று பெயர். ஏரி நிரம்பியபின் மேலும் நீர் வந்தால், அது கரையை உடைக்காமல் கலங்கல் மேல் வழிந்து ஓடைக்குள் போய்விடும். அந்த ஓடை அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அந்த ஏரியின் கலங்கல் அதற்கடுத்த ஏரிக்கு. கடைசி ஏரி ஆற்றுக்கு.

கலங்கலின் முடியில் வரிசையாகக் குத்துக்கற்களை நட்டிருந்தார்கள். அவை எதற்கு என்று என் தோழன் ஒருவன் கேட்டான். மழைக்காலம் முடியும் தறுவாயில், இனிப் பெருவெள்ளம் வராது என்று தெரிந்தபின், அந்தக் கற்களுக்கிடையே களிமண்ணும் புல்லும் வைத்து அடைப்பார்களாம். இதனால் இன்னும் ஒரு முழம் நீர் ஏரியில் நிற்கும். சீக்கிரம் அடைத்துவிட்டால் கரைக்கு ஆபத்து. தாமதித்தால் கோடையில் பயிருக்கு ஆபத்து. எந்த நாளில் அடைப்பது என்பதுதான் கேள்வி. “அதை எப்படி முடிவு செய்வீர்கள்?” என்று ஆசிரியர் கேட்டார். “மேலே இருக்கிற ஏரியைப் போய்ப் பார்த்துட்டு வருவேன் ஐயா” என்றார் முதியவர். எத்தனை தூரம் என்றால், நடந்துதான் போவாராம். அந்த விடையின் அருமை எனக்கு அன்று விளங்கவில்லை.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் நாடு என்று சொல்வது வழக்கம். வற்றாத பேராறு இல்லாத நிலப்பகுதி இது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தி மீதி மாதங்களுக்குப் பரப்பிக்கொள்ள நம் முன்னோர் கண்ட உபாயமே இந்த ஏரிச் சங்கிலி. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களில் ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று இருந்ததை அவை கூறுகின்றன. குடவோலை முறையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். குடத்தில் ஓலை இட்டு எடுத்தது ஏரிக்கு ஆள் தேடுவதற்காகவும்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

திருநீர்மலை ஊருக்குள் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் இது ஒன்று. திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாகவும், நீர் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்ததாகவும் தலபுராணம் கூறும். மலையடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம். அரங்கநாதர் கிடந்த கோலம். உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நான்கு கோலங்களையும் ஒரே தலத்தில் காண்பது அபூர்வம். “இவர் மூன்றடியில் உலகத்தையே முடித்துவிட்டார், நமக்கு இன்னும் நாலு மைல் இருக்கிறது” என்று ஆசிரியர் சொல்ல, அர்ச்சகரும் சேர்ந்து சிரித்தார். சினிமாவில் காதலர்கள் பெற்றோருக்குத் தெரியாமல் மணந்துகொள்ளும் காட்சிகளால் இத்தலம் பிற்காலத்தில் வேறொரு புகழையும் அடைந்தது. அதை விட்டுவிடுவோம்.

ஆழ்வார் காத்திருந்த கதையை நான் அன்று கதையாகவே கேட்டேன். மலையுச்சியில் ஆசிரியர் நிலப்படத்தைப் பாறை மேல் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தபோது அதில் ஒரு பூகோளப் பாடம் இருப்பது தெரிந்தது. கிழக்கே பல்லாவரத்துக் குன்றுகள். அவற்றுக்கு அப்பால் மீனம்பாக்கத்து விமானத் தளம். தெற்கே வண்டலூர் மலை. மேற்கிலும் வடக்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தாழ்ந்த சமவெளி. அதில் கண்ணாடித் துண்டுகளைப்போல ஏரிகள். அடையாறு தென்மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகுநீரைச் சேர்த்துக்கொண்டு, முடிச்சூரை ஒட்டி வந்து, இந்த மலையின் மேற்குப் பக்கமாக வடக்கே ஏறி, அனகாபுத்தூர் வழியாகக் கடலை நோக்கித் திரும்புகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் மிகுநீர்க் கால்வாயும் திருநீர்மலைப் பக்கத்தில்தான் அதனோடு சேருகிறது. இவ்வளவு நீரும் கூடும் மூலையில் ஒரு குன்று நின்றால், பெருமழை ஆண்டில் அது தீவாகாமல் வேறு என்ன ஆகும்? மணிமங்கலம் என்றதும் ஆசிரியர் சரித்திரத்துக்குத் தாவினார். மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் அது ஒன்று. கூரம் செப்பேடு அதைச் சொல்கிறது. காலையில் தந்தையின் குகை. நண்பகலில் மகனின் போர்க்களம் இருந்த திசை.

மலையிலிருந்து இறங்கித் தாம்பரம் வரை நடந்த வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பனைகள், ஈச்சம் புதர்கள், மாட்டு வண்டித் தடம், இடையிடையே ஓடை. ஒவ்வோர் ஓடையிலும் அதே இரண்டு கேள்விகள். கடப்பேரிப் பக்கம் வந்தபோது ஆசிரியர் கடைசியாக ஒன்று கேட்டார்: “இரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர் எங்கே போகிறது?” நாங்கள் எல்லோரும் அடையாறு என்றோம். தவறு. தாம்பரத்து மேடு ஒரு நீர்பிரி மேடு. அதன் மேற்குப் பக்கத்து மழைநீர் அடையாற்றுக்குப் போகிறது. கிழக்குப் பக்கத்து நீர் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி கிடைத்தது. 1937-இல் கிறித்துவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்ததும், அதன் வளாகத்துப் புதர்க்காடு இன்றும் பசுமையாக இருப்பதும் நீங்கள் அறிந்தவை. அந்தக் காட்டில் விழும் மழையும் கிழக்கே செல்லும் இந்தச் சங்கிலியைச் சேர்ந்ததே.

இனி, நான் கொடுத்த விலையைச் சொல்லுகிறேன்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல், தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம் ஒரு மனை வாங்கினேன். மனை விற்றவர்கள் கொடுத்த அழகிய வரைபடத்தில் வீதிகளுக்கெல்லாம் மலர்களின் பெயர் இருந்தது. ஓடை ஒன்றும் இல்லை. நான் போய்ப் பார்த்தது மே மாதத்து நடுப்பகலில். தரை வெடித்துக் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி என்னைப் பார்த்து, “ஐப்பசியிலே ஒரு வாட்டி வந்து பாரு ஐயா” என்றாள். நான் அதைக் கிராமத்து விருந்தோம்பல் என்று எண்ணிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்திலிருந்து மனைக்கு இருநூறு அடி. அதற்கு அப்பால் நான் ஓரடியும் நடக்கவில்லை. பூகோளத்தில் வகுப்பிலேயே முதல் மாணவனாக இருந்தவன், தன் பணத்தைப் போட்ட நிலத்தில் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கவில்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வானம் திறந்துகொண்டது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிறைந்திருந்தன; புதிய நீருக்கு அவற்றில் இடம் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் வாசற்படி மறைந்தது; இருட்டுவதற்குள் மார்பளவு நீர். நானும் என் மனைவியும் பக்கத்து வீட்டாரும் மொட்டை மாடியில் இரண்டு இரவுகள் கழித்தோம். என் நூல்கள் எல்லாம் போயின. எங்கள் தெருக்கோடியில் தனியாக இருந்த முதியவர் ஒருவரைப் படகு வந்து மீட்டபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அந்த நாட்களில் இந்நகரில் பிழைக்காமற் போனவர்கள் பலர்.

வெள்ளம் வடிந்தபின் எங்கள் பகுதியில் எல்லோரும், “செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான்” என்று பேசினார்கள். நகரத்தின் தாழ்ந்த பகுதிகளுக்கு அந்த விவாதம் பொருந்தும். அங்கே ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கு அந்த நீர் பெரிய அபாயமாயிற்று. எங்களுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. திருநீர்மலை உச்சியில் விரித்த நிலப்படம் எனக்கு அப்போது நினைவு வந்தது. செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றோடு சேருமிடம் முடிச்சூருக்குக் கீழே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தது மேலேயிருந்து வந்த நீர். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். அது தன் பழைய வழியில் வந்தது. அந்த வழியில் என் வீடு நின்றது. ஒருவரைக் குற்றம் சாட்டுவது ஆறுதலாக இருக்கும்; ஆனால் மேலே எத்தனை ஏரி, அவற்றின் கலங்கல் எந்தப் பக்கம் என்று அறியாமல் சாட்டும் குற்றம் அடுத்த மழைக்கு உதவாது. 2015-க்குப் பின்னர் அடையாற்றின் மேற்பகுதியை அகலப்படுத்தினார்கள், தூர் வாரினார்கள். அவை தேவையான வேலைகளே. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள்கள் மேட்டுப் பகுதிக்குப் போய்விடுகின்றன.

அதன்பின் நான் மறுபடியும் நடக்கத் தொடங்கினேன். 2023 ஜனவரியில் பழைய வழியை முழுவதும் நடந்து பார்த்தேன். பல்லாவரமும் தாம்பரமும் 2021 முதல் ஒரே மாநகராட்சி. திருநீர்மலையும் அனகாபுத்தூரும் பம்மலும் அதில் அடக்கம். வயல்கள் இல்லை. வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் நடுவே வழியை விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. மலைமேலிருந்து பார்த்தால் புறவழிச் சாலையின் வாகன வரிசை தெரிகிறது. அதன் இரைச்சல் கோயில் மணியோசையோடு கலந்து வருகிறது. ஏரிகளில் சில சுருங்கிவிட்டன. இன்னும் நீர் நிற்கும் ஏரியில் நாரைகளும் நீர்க்கோழிகளும் இருக்கின்றன. நாங்கள் முதியவரைச் சந்தித்த கரை எது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஓரிடத்தில் புதருக்குள் வரிசையாகக் குத்துக்கற்கள் நின்றன. பாதி புதைந்திருந்தன. ஒன்றில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். அவை கலங்கல் கற்களே என்று எனக்குப் பட்டது. அவற்றுக்குக் கீழே ஓடை இருக்க வேண்டிய திக்கில் நான்கு மாடிக் கட்டிடம் ஒன்று எழுந்திருந்தது.

நீங்கள் இந்த வழியே நடக்க விரும்பினால் தை மாதமே தக்க காலம். வெயில் தணிந்திருக்கும், ஏரியில் நீர் இருக்கும். காலை ஆறு மணிக்குப் பல்லாவரம் நிலையத்தில் இறங்குங்கள். தனியாகப் போக வேண்டாம். நாலைந்து பேராகப் போங்கள். போக்குவரத்து மிகுந்த சாலை என்பதால் எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக நடப்பது நல்லது. குடிநீரும் தொப்பியும் ஒரு குறிப்பேடும் போதும். மதகுப் பக்கம் இறங்காதீர்கள். கல் எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பழம்பொருள் என்று ஐயம் தோன்றினால் படம் பிடித்து அரும்பொருட்காட்சியகத்தாருக்குக் காட்டுங்கள். கைப்பேசியில் வரும் நிலப்படம் கடைகளையும் உணவு விடுதிகளையும் துல்லியமாகக் காட்டும். ஓடைகளை நீங்களேதான் அதில் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நான் நடந்த அன்று பதினொரு ஓடைகளைக் குறித்தேன்; அவற்றில் மூன்றுக்கு முடிவு எங்கே என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்று கடப்பேரிக்கு அருகே ஒரு சுவரின் அடியில் போய் மறைகிறது. வருகிற மழைக்கு முன் அதன் மறுபக்கத்தைத் தேடிப் போகலாம் என்றிருக்கிறேன்.